இறங்க மறுத்த ரதி

மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு என் அம்மாவிடம் திரும்பி, “தங்கச்சி, ரதி இன்னும் எறங்கலை. உள்ளதான் சம்மணம் போட்டு ஒக்காந்திருக்கா” என்றார்.

அம்மா தலையில் கை வைத்தபடி கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள். “அடி ஆத்தாடி, இத்தன நாளாவா?”

“பின்ன? கல்யாணம்னு சொன்னாலே மொகம் சுண்டிப் போகுதுல்ல? அவனா வேணாங்கிறான்? அவ வேணாங்கிறா.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். கோயில் முற்றத்து வேப்பெண்ணெய் வாடையும், காலில் கயிறு கட்டிய எங்கள் சிவப்புச் சேவலின் முனகலும் இன்னும் நினைவிருக்கிறது. சேவலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை. எனக்குள் ஒரு பெண் தெய்வம் சம்மணம் போட்டு உட்கார இடம் எங்கே இருக்கிறது என்று என் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மழையில் அவிழ்த்த காப்பு

போன வாரம் நான் ரதி வேஷம் கட்டிய கதையைச் சொன்னேன். தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹல்துமுல்லைக்கு மேலே, பஸ் வராத ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. மாசி மாதம் வந்தால் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். காமனும் ரதியும் எங்கள் லயத்து, அதாவது வரிசை வீட்டுப் பையன்கள்தான். இருவரும் கையில் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். கூத்தில் இருவருக்கும் கல்யாணம் நடக்கும். காமன் போய்ச் சிவனின் தவத்தைக் கலைத்துச் சாம்பலாவான். ரதி அழுது புரண்டு அவனை மீட்பாள். ஆனால் மீண்டு வந்த காமன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். ஊருக்குத் தெரிய மாட்டான்.

மீசை தாமதமாக முளைத்த குற்றத்துக்காக என்னை ரதியாக்கினார்கள். பிறகு மீசை வந்தும் விடவில்லை. காமன் வேஷம் கட்டியவன் ஆறுமுகம். கவ்வாத்துக்காரன், அதாவது தேயிலைச் செடியை வெட்டிக் கட்டையாக்குகிற வேலை. தோளும் கையும் அதற்கென்றே செய்து வைத்தவை.

போன வாரத்துக் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் பத்திரிகைக்குப் போன் போட்டு, “இதை எழுதுற ஆள் என்ன ரகம்?” என்று கேட்டாராம். ஆசிரியர் ரொம்பவும் நல்ல மனிதர். மூன்று தடவை தொண்டையைக் கனைத்துவிட்டு என்னிடம் அதைக் கேட்டார். ஐயா, எங்கள் தோட்டமே அதே கேள்வியைக் கேட்டு ஒரு சேவலை வெட்டித் தின்றிருக்கிறது. உங்களுக்கு ஏன் கூச்சம்?

கேள்வி எழுந்தது இப்படித்தான். என் தாய்மாமனுக்குப் பாக்கியம் என்று ஒரு மகள். எனக்கு முறைப்பெண். பிறந்தபோதே எனக்கு என்று எழுதி வைத்துவிட்டார்கள். மாமா கங்காணி, அவருக்குக் கீழே கொழுந்து எடுக்கும் கூட்டம் ஒன்று உண்டு, அதனால் சொன்ன சொல் மாறாதவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஒவ்வொரு வருடமும் தையில் கேட்பார். நான், “கூத்து முடியட்டும் மாமா” என்பேன். கூத்து முடிந்தால், “மழை முடியட்டும்” என்பேன். எங்கள் மலையில் மழை முடிந்ததாகச் சரித்திரமே இல்லை.

கடைசியில் மாமா கத்திவிட்டார். “மாப்ள, வர்ற சித்திரைக்குள்ள தாலி கட்டணும். இல்லாட்டி எம்மக கழுத்து நீண்டுக்கிட்டேதான் கெடக்கும்!”

அதற்குப் பிறகுதான் அம்மா சேவலைத் தூக்கிக்கொண்டு மாஸ்டரிடம் வந்தாள். மாஸ்டர்தான் மாரியம்மன் கோயில் பூசாரி. கூத்தைப் பழக்குகிறவரும் அவர்தான், அதனால்தான் அந்தப் பெயர். அவர் காரணத்தை உடனே கண்டுபிடித்தார். முந்தின மாசியில் கூத்து முடிந்து காப்பு அவிழ்க்கிற நேரத்தில் பேய் மழை. முறைப்படி ஓடையில் இறங்கி முழுகி அவிழ்க்க வேண்டியதை, கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குள் நின்றபடியே பிய்த்து எறிந்தோம். ரதி வெளியே போக வழியில்லாமல் எனக்குள்ளேயே தங்கிவிட்டாளாம்.

“தண்ணில எறங்குனாத்தானே அவ எறங்குவா? மழைக்கு ஒதுங்குன எடத்துல எறங்கச் சொன்னா எப்புடி?” என்றார்.

நியாயமான பேச்சு. எங்கள் ஊரில் இதை மறுக்க ஒரு ஆளும் கிடையாது.

டிஸ்பென்சர் கொடுத்த பெயர்

சேவல் வெட்டினார்கள். எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். வேப்பிலையால் என் முதுகில் அடித்த அடியில் ரதி என்ன, நானே இறங்கி ஓடியிருப்பேன். ஒரு வாரம் கழித்து மாமா வந்து தேதி கேட்டார். எனக்கு முகம் சுண்டியது. ரதி இருக்கிறாள் என்று முடிவானது.

அம்மா இரண்டு பக்கமும் கால் வைப்பவள். கோயிலில் கேட்காவிட்டால் ஆஸ்பத்திரி. எங்கள் தோட்டத்து டிஸ்பென்சர், அதாவது மருந்து கொடுக்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார்.

“உனக்கு ஒண்டும் இல்லை. இரத்தம் காணாது, அவ்வளவுதான். இது பலவீனம். இந்த மருந்தை மூண்டு நேரமும் குடி. பேந்து கலியாணத்துக்கு நீயே அவசரப்படுவாய்.”

பழுப்பு நிறத்தில் இரும்பு நாற்றம் அடிக்கிற மருந்து. குடித்தேன். பசி எடுத்தது. அம்மா வைத்த சோறெல்லாம் தீர்ந்தது. கல்யாண ஆசை மட்டும் வரவில்லை.

இதற்கிடையில் தவறணை, அதாவது கள்ளுக்கடைப் பக்கம் ஒருவன் எனக்கு வேறொரு பெயர் வைத்தான். “பொட்டை” என்றான். ஆறுமுகம் அவன் சட்டையைப் பிடிக்கப் போனான். நான்தான் தடுத்தேன். அடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தப் பெயர் எனக்குப் பொருந்துகிறதா என்று முதலில் யோசிக்க வேண்டியிருந்தது.

ஆக ஒரு மாதத்துக்குள் எனக்கு மூன்று பெயர். கோயிலில் நான் ரதி, ஆஸ்பத்திரியில் பலவீனம், தவறணையில் பொட்டை. ஒருவராவது என்னைக் கேட்டு வைத்தார்களா?

செல்வியின் தீர்ப்பு

இந்த இடத்தில் செல்வியைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவள் ஆவியாக வந்து என்னை உதைப்பாள்.

கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவளும் ரதி வேஷம் கட்டியவள். வீட்டில் வைத்த பெயர் செல்வராசு. ஒரு வருடம் கூத்து முடிந்தது, எல்லாரும் வேஷத்தைக் கலைத்தார்கள், அவள் கலைக்கவில்லை. “இதுதான் நான், மிச்சதெல்லாம்தான் வேஷம்” என்று சொல்லிவிட்டாள். அடித்தார்கள், அழுதார்கள், கடைசியில் அலுத்துப் போனார்கள். பதுளைச் சந்தையில் வெற்றிலைக் கடை போட்டு, வருகிறவன் போகிறவனையெல்லாம் வாய்ச் சண்டையில் ஜெயித்து ராணியாக வாழ்ந்தாள்.

நானும் அவளைப் போலத்தானோ என்று எனக்குப் பயம். பதுளைக்குப் போன ஒரு நாள் அவள் கடையில் உட்கார்ந்து மென்று முழுங்கிக் கேட்டுவிட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சேலை கட்டுனா ஒனக்கு எப்புடி இருக்கும்?”

“அரிக்கும்” என்றேன்.

“வேஷத்தக் கலைக்கையில?”

“அப்பாடான்னு இருக்கும்.”

வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தாள். “போன மாசி ஒங்க கூத்துக்கு வந்தேன். நீ கொசுவம் வச்ச லச்சணத்தப் பாத்தேன். அப்புடிக் கட்டுற ஆளு பொம்பளையா இருக்கவே முடியாது. நீ நம்ம ஆளு இல்ல, போ.”

“அப்ப நான் யாரு?”

“எனக்கென்னாடா தெரியும்? நான் யாருன்னு கண்டுபிடிக்கவே எனக்கு முதுகுத்தோல் உரிஞ்சு போச்சு. ஒன்னோடத நீதான் கண்டுபிடிக்கணும். வெத்தல வேணுமா வேணாமா?”

மாற்று வைத்தியம்

உண்மையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எனக்கு ஆறுமுகத்தின் மேல் ஆசை. அவனுக்கும் என் மேல். மலைக் காட்டில் கவ்வாத்து முடித்துவிட்டு, கையில் தேயிலைக் கட்டை வாசனையோடு அவன் வரும்போது எனக்கு மூச்சு ஒரு மாதிரி ஆகும். ஆசை என்ற சொல் தெரியும். அந்த ஆசை உள்ளவனுக்கு என்ன பெயர் என்பதுதான் தெரியாது.

பெயர் தெரியாத இடத்தில் பயம் புகுந்துவிடும். மாஸ்டர் சொல்வது சரியாக இருந்தால்? காமன் மேல் ஆசைப்படுவது ரதியின் வேலை. அப்படியானால் இந்த ஆசையே அவளுடையது. அவளை இறக்கிவிட்டால், அவளோடு சேர்ந்து ஆறுமுகமும் என்னை விட்டு இறங்கிவிடுவானா? வேப்பிலை அடி வாங்கியபோதெல்லாம் நான் ரதியிடம், “தாயே, போயிராத” என்று வேண்டிக்கொண்டது மாஸ்டருக்குத் தெரியாது.

தை பிறந்தபோது மாஸ்டர் கடைசி வைத்தியத்தைச் சொன்னார். “இந்த மாசி இவன் காமன் கட்டட்டும். ஆம்பள வேஷம் ஏறுனா பொம்பள வேஷம் தன்னால எறங்கீரும். காப்ப நானே ஓடையில வச்சு அவுக்கிறேன். சித்திரையில நீ தாலிய எடுத்துக் குடு, தங்கச்சி.”

அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. மாமாவும் சம்மதித்தார். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. நான் காமன் என்றால் ரதி யார்?

எவனும் வரவில்லை. எனக்கு நடந்ததைப் பார்த்து எல்லாப் பயல்களுக்கும் பீதி. “எனக்குப் பொண்ணு பேசியிருக்கு மாஸ்டரு” என்றான் ஒருவன். இன்னொருவன் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான்.

“நான் கட்டுறேன்” என்றான் ஆறுமுகம்.

கூத்துப் பழகுகிற கொட்டகையே சிரித்தது பாருங்கள், தப்பு அடிக்கிறவர் தப்பைக் கீழே போட்டுவிட்டார். கதவு அகலத் தோள், முழங்கை வரை கவ்வாத்துக் கத்தி கீறிய தழும்பு. அவன் மூக்குக்குக் கீழே இருந்த மீசைக்கு மட்டும் லயத்தில் தனியாக ஒரு காம்பரா, ஒரு அறை, கொடுக்கலாம்.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன். “ஒனக்குப் பைத்தியமா? ஊரே சிரிக்குது.”

“சிரிச்சுட்டுப் போகட்டும்.”

“ஏன்டா?”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “எவனோ ஒருத்தன் ஒனக்கு ரதியா நிப்பான், நீ அவனுக்கு மஞ்சக் கயிறு கட்டுவ. நான் கூட்டத்துல நின்னு பாக்கணுமா? போடா.”

மீசை போன ஞாயிறு

ஹல்துமுல்லை பஜாரில் ஒரே ஒரு முடிவெட்டும் கடை. ஆறுமுகம் நாற்காலியில் உட்கார்ந்து, “மீசைய எடுத்திருங்க” என்றான். கடைக்காரர் நம்பவில்லை. “யாருங்க செத்தா?” என்று பதறினார்.

“யாரும் சாகலங்க. நான்தான் பொம்பளையாகப் போறேன்.”

கத்தி பட்டதும் அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. சோப்பு பட்டுவிட்டது என்றான். எழுந்து கண்ணாடியைப் பார்த்தான். மேலுதட்டில் வெயில் படாத ஒரு வெள்ளைக் கோடு. எனக்கு அவன் மேல் இருந்த ஆசை ஒரு துளியும் குறையவில்லை, கூடித் தொலைத்தது. அவன் காமனாக இல்லாதபோதும் ஆசை நிற்கிறது என்பதற்கு அதுவே எனக்குக் கிடைத்த முதல் அத்தாட்சி. ஆனாலும் கூத்து முடியட்டும் என்று காத்திருந்தேன்.

ஒத்திகையில் அவனைப் போல மோசமான ரதியை நான் பார்த்ததில்லை. சேலையை மிதித்து விழுந்தான். ‘போகாதீர் நாதா’ என்று கெஞ்ச வேண்டிய இடத்தில், மாட்டை விரட்டுவது போலக் கத்தினான். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

கூத்தில் கல்யாணக் கட்டம் வந்தது. காமனாகிய நான், ரதியாகிய அவன் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினேன். எத்தனையோ தடவை அவன் எனக்குக் கட்டியது. “முடிச்ச இறுக்கிப் போடுடா, அவுந்திரப் போகுது” என்று அவன் வாய்க்குள் முணுமுணுத்தான். என்னைக் குணமாக்க எல்லாரும் சேர்ந்து செய்த ஏற்பாடு எங்களுக்கு இன்னொரு தடவை கல்யாணம் செய்து வைத்தது.

பொழுது விடிகையில்

காமன் எரிந்தபோது மலைக்குப் பின்னால் வெளுத்துவிட்டது. என்னைத் தரையில் கிடத்தி வெள்ளைத் துணியால் மூடினார்கள். அடியில் ஈர மண், மேலே துணி, மூக்கில் சாம்பல். இனி ரதியின் ஒப்பாரி.

சத்தத்தைக் காணோம். ஆறுமுகத்துக்குப் பாட்டு மறந்துவிட்டது. மாஸ்டர் முதல் அடியை எடுத்துக் கொடுத்தார். பதில் இல்லை. இரண்டாம் தடவையும் கொடுத்தார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

அப்போது அவன் என் பக்கத்தில் தொப்பென்று விழுந்தான். துணிக்கு மேலே என் நெஞ்சில் கை வைத்தான்.

“மாரி… எந்திரிடா. டேய் மாரி, எந்திரிச்சு வாடா. ஒன்ன வுட்டா எனக்கு வேற யாருடா இருக்கா?”

மாரிமுத்து என் பெயர். காமனை அல்ல, என்னைத்தான் கூப்பிட்டான்.

சிரிப்பு நின்றது. பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்பினார்கள், பிறகு எல்லாரும். துணிக்குள் நானும் அழுதேன். துணி குலுங்கியது. மாஸ்டர் என் காதருகே குனிந்து, “டேய், செத்தவன் அழக் கூடாதுடா!” என்று பல்லைக் கடித்தார்.

முறைப்படி ஓடையில் இறங்கினோம். மாஸ்டர் மூன்று தடவை முக்கிவிட்டுக் காப்பை அவிழ்த்தார். பனித் தண்ணீரில் பல் கிட்டியது. “எறங்கீட்டா! கண்ணால பாத்தேன்” என்று அம்மாவிடம் அறிவித்தார். எதிர்க்கரையில் ஆறுமுகம் சேலையைப் பிழிந்துகொண்டு நின்றான். பார்த்தேன். மூச்சு அதே மாதிரி ஆனது. ரதியும் போயாயிற்று, காமனும் போயாயிற்று. நனைந்த கோவணத்தோடு நின்றது நான் மட்டும்தான். ஆசை என்னுடையது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி, சிரித்துவிட்டேன்.

மறுநாள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் பாக்கியம் குடத்தோடு வந்தாள்.

“மச்சான், ரதி எறங்கிருச்சாமே?”

“எறங்கிருச்சு.”

“ஆறுமுகம் எறங்கலையே?”

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் குடம் நிரம்பி வழிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. “இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு வேற எடம் பாத்திருப்பேன்ல? என்னான்னு தெரியாமத்தானே நான் காத்துக் கெடந்தேன்.”

“சொல்ல வார்த்த தெரியல பாக்கியம்.”

“இப்ப மட்டும் என்னா, தலைய ஆட்டித்தானே சொன்னீங்க? எனக்கு வெளங்கலையா?”

அன்று மாலை அவள் தன் அப்பாவிடம், “எனக்கு அவரு வேணாம். செத்த மாதிரி சும்மா கெடக்கக்கூடத் தெரியாத ஆளக் கட்டிக்கிட்டு நான் என்னா செய்ய?” என்றாள். மாமா ஒரு மாதம் எங்கள் லயத்துப் பக்கமே வரவில்லை. பாக்கியம் வெலிமடைப் பக்கம் கிழங்குத் தோட்டம் செய்தவரைக் கட்டிக்கொண்டு, கடைசி வரை எங்களுக்கு மூட்டையில் லீக்ஸ் அனுப்பினாள்.

ஆசிரியருக்குப் பதில்

இப்போது ‘தன்பால் ஈர்ப்பாளர்’ என்று ஒரு சொல் இருக்கிறது. சட்டை மாதிரிப் போட்டுப் பார்த்தேன். தோள் சரியாக இருக்கிறது, கை கொஞ்சம் நீளம். அன்று இந்தச் சொல் கையில் இருந்திருந்தால் ஒரு சேவல் பிழைத்திருக்கும், பாக்கியம் வருடக்கணக்கில் காத்திருந்திருக்க மாட்டாள். அதனால் பத்திரிகையில் போடுங்கள், ஐயா. அவராகவே எடுத்துக்கொண்ட பெயர் என்று சேர்த்துப் போடுங்கள்.

ஆறுமுகத்திடமும் ஒரு தடவை கேட்டேன், அவன் போய்ச் சேருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு. “எனக்கு எதுக்குடா? ஆறுமுகம்னு ஒண்ணு இருக்கே” என்றான். அவனுக்கு அது போதுமாக இருந்தது. அவனுக்காக நான் எதுவும் வைக்க மாட்டேன்.

எந்த வேஷமானாலும்

அடுத்த தையில் வேஷம் பிரித்துக் கொடுக்க எல்லாரும் கோயில் முற்றத்தில் கூடினோம். அதே வெயில், அதே வேப்பெண்ணெய் வாடை. அம்மா வந்தாள். கையில் சேவல் இல்லை.

அந்த ஒரு வருடம் அவள் என்னிடம் கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. ஆறுமுகம் வந்தால் பேசாமல் தட்டை எடுத்து வைப்பாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

மாஸ்டர், “இவன் என்னா கட்டுறது? காமனா, ரதியா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “எந்த வேஷத்த வேணும்னாலும் குடுங்க மாஸ்டரு. சோடிக்கு மட்டும் ஆறுமுகத்தையே போடுங்க.”

மாஸ்டர் திகைத்துப் போனார். “தங்கச்சி, யோசிச்சுப் பேசு. மறுபடியும் ரதி ஏறிக்கிட்டா?”

அம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

“ஏறுனா ஏறட்டும். அவளுக்கும் சேத்து ஒரு பிடி அரிசி ஒலையில போட்டாப் போச்சு.”